வீட்டு எண் 3/12, ‘டிசம்பர் 3’ ஆன கதை! - ஒரு தீபாவளிக் குளறுபடியும் எக்செல் கற்றுத்தந்த பாடமும்

போன தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது சாத்தூரிலிருந்து என் அத்தை போன் செய்தார். எப்போதும் “சாப்பிட்டியா தாயி?” என்று ஆரம்பிப்பவர், அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற... இந்த எக்செல்ல என்னமோ ஆகிப்போச்சு. கம்பு முறுக்கு கேட்டவங்களுக்கு அதிரசம் போயிருக்கு. அதிரசம் கேட்டவங்களுக்குக் காராச்சேவு போயிருக்கு. ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேக்குறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

நான் பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில் செய்தி எழுதும் வேலை. ஆனால், எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை லேப்டாப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தான். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள், ஆன்லைனில் ஆர்டர் எடுப்பவர்கள், சங்கம், டிரஸ்ட், டியூஷன் சென்டர் நடத்துபவர்கள் என எக்செல்லை நம்பி வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது உதவும்.

ராத்திரி 10 மணி வேலை

அத்தை பலகாரத் தொழிலைத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் 11 பேர் அவரோடு வேலை செய்கிறார்கள். கணக்கு வழக்கெல்லாம் அத்தை மகள், என் மதினி. மதுரையில் ஒரு தம்பியிடம் சொல்லி வெப்சைட் போட்டார்கள். அதில் வரும் ஆர்டர்கள் எல்லாம் எங்கோ ஓர் ஊரில், வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கும் ‘மைஎஸ்க்யூஎல்’ டேட்டாபேஸில் போய் உட்காரும்.

மதினிக்குத் தெரிந்தது எக்செல். அதனால் தினமும் ராத்திரி 10 மணிக்கு வெப்சைட்டின் அட்மின் பக்கத்தைத் திறந்து, அன்றைய ஆர்டர்களை ‘சி.எஸ்.வி’ ஃபைலாக டவுன்லோடு செய்வார். அதை எக்செல்லில் திறந்து, முகவரிச் சீட்டு பிரின்ட் எடுப்பார். காலையில் பேக்கிங், மதியம் கூரியர். இரண்டு வருஷம் பெரிய வம்பில்லாமல் ஓடியது. அந்தத் தீபாவளியில் மட்டும் மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

முதல் தப்பு, வீட்டு எண். ‘3/12’ என்று ஒருவர் கதவு எண் கொடுத்திருந்தார். எக்செல் அதைப் பார்த்ததும் தேதி என்று முடிவுகட்டி ‘டிசம்பர் 3’ ஆக்கிவிட்டது. பழைய எண், புதிய எண் என்று சாய்கோடு போட்டு எழுதும் நம் ஊரில் இது எத்தனை வீட்டைப் பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே, 91 என்று ஆரம்பிக்கும் 12 இலக்க போன் நம்பர்கள் ‘9.19இ+11’ என்று விநோதமாகச் சுருங்கியிருந்தன. 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 16-வது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் எக்செல் பூஜ்ஜியமாக்கிவிடும். திரும்பப் பெறவே முடியாது.

இரண்டாவது, தமிழில் பெயர், முகவரி கொடுத்தவர்களின் விவரமெல்லாம் புரியாத கிறுக்கலாக வந்து நின்றது. மதினி அவற்றை வெப்சைட்டில் பார்த்துக் கையால் திருத்தி டைப் செய்துகொண்டிருந்தார்.

மூன்றாவதுதான் பெரிய அடி. எந்தப் பலகாரம் எத்தனை பாக்கெட் வேண்டும் என்று சுலபமாக எண்ணுவதற்காக, பொருள் பெயர் இருக்கும் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னார் மதினி. ‘பக்கத்து வரிசைகளையும் சேர்த்து அடுக்கட்டுமா?’ என்று எக்செல் கேட்கத்தான் செய்தது. தூக்கக் கலக்கத்தில் ‘வேண்டாம்’ என்ற பட்டனைத் தட்டிவிட்டார். பெயரும் முகவரியும் அப்படியே நிற்க, பொருள்கள் மட்டும் இடம் மாறின. அன்றைக்கு 70 ஆர்டர். பாதிக்கு மேல் தப்பாகப் போய்ச் சேர்ந்தது.

அதில் ஒரு பார்சல் மதுரையில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு. சர்க்கரை நோயாளி. பெங்களூரில் இருக்கும் அவர் மகள், “இனிப்பு வேண்டாம், கம்பு முறுக்கு மட்டும் அனுப்புங்க” என்று கேட்டு ஆர்டர் போட்டிருந்தார். போனது அதிரசம். மகள் அனுப்பியதாச்சே என்று அவரும் சாப்பிட்டிருக்கிறார். சர்க்கரை எகிறி, டாக்டரிடம் ஓட வேண்டியதாகிவிட்டது. நல்லவேளை, பெரிதாக எதுவும் ஆகவில்லை.

அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. விடிந்ததும் ஒரு டப்பா கம்பு முறுக்கை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி மதுரைக்குப் போய் அந்தப் பெரியவரிடம் நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மற்றவர்களுக்கெல்லாம் சொந்தச் செலவில் மறுபடியும் பார்சல் போனது. மதினி யாரிடமும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

இது மதினியின் தப்பு மட்டும்தானா?

எக்செல்லில் இப்படிச் சறுக்கியவர்கள் பட்டியலில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு, 15,841 தொற்றாளர்களின் விவரத்தைத் தினசரிக் கணக்கில் சேர்க்கத் தவறியது. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த சி.எஸ்.வி ஃபைல்களை, எக்செல்லின் பழைய ‘எக்ஸ்.எல்.எஸ்’ வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டுப்போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமானது. இப்போதைய எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரி. ஆனால், அதற்கும் எல்லை உண்டு.

விஞ்ஞானிகளும் தப்பவில்லை. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சில மனித மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றையும் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மரபணுவுக்கே அந்தக் கதி என்றால், 3/12-ம் நம்பர் வீடு எம்மாத்திரம்!

கோளாறின் வேர் சி.எஸ்.வி ஃபைலில் இருக்கிறது. அது வெறும் எழுத்துகளைக் காற்புள்ளி போட்டு அடுக்கிய ஃபைல். ‘இது தேதி, இது எண், இது முகவரி’ என்ற தகவல் அதில் இருக்காது. எக்செல் தானாக ஊகிக்கும். ஊகம் சில சமயம் தப்பும். டேட்டாபேஸில் அப்படியில்லை. ஒவ்வொரு வரிசையும் என்ன வகை என்று முதலிலேயே தீர்மானித்து வைத்திருப்பார்கள். ஆகவே, நடுவில் ஃபைல் இல்லாமல் எக்செல்லையே டேட்டாபேஸுடன் பேச வைத்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

துபாஷி வேண்டும்!

எக்செல்லும் டேட்டாபேஸும் வேறு வேறு பாஷை பேசுபவை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் துபாஷி இருந்தாரே, அதுபோல இங்கேயும் ஒரு துபாஷி தேவை. 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ‘ஓ.டி.பி.சி’ என்ற முறை அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு ‘டிரைவர்’ மென்பொருள் உண்டு. அதை நம் கம்ப்யூட்டரில் நிறுவினால் எக்செல் கேட்பதை டேட்டாபேஸுக்குப் புரியும்படி சொல்லி, பதிலை வாங்கி வரும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கான டிரைவர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால், கடையில் இருக்கும் சாமான் இது ஒன்று மட்டும் இல்லை. வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, அத்தை, மதினி, நான் நான்கு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

1. எக்செல்லிலேயே இருக்கும் ‘பவர் கொரி’

எக்செல் 2016-லிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ‘டேட்டா’ பட்டியலில் ‘கெட் டேட்டா’ என்ற இடத்தைத் தட்டினால் போதும். அங்கிருந்து ஓ.டி.பி.சி வழியாக டேட்டாபேஸை இணைக்கலாம். ஒருமுறை இணைத்துவிட்டால், பிறகு ‘ரிஃப்ரெஷ்’ பட்டனைத் தட்டினாலே புது ஆர்டர்கள் வந்து நிற்கும். ஃபைலைத் திறக்கும்போதே தானாகப் புதுப்பிக்கும்படியும் வைக்கலாம். கூடுதல் செலவு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: இது ஒருவழிப் பாதை. டேட்டாபேஸிலிருந்து எடுக்கலாம், எக்செல்லில் திருத்தினால் டேட்டாபேஸில் மாறாது. மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்செல்லில் இருக்கும் எல்லா இணைப்பு வசதிகளும் அதில் இருக்காது.

2. லிப்ரே ஆபீஸ்

எக்செல்லுக்குக் காசு கட்ட முடியாதவர்களுக்கு நல்ல மாற்று. முழுக்க இலவசம். அதில் இருக்கும் ‘பேஸ்’ என்ற பகுதியில் டேட்டாபேஸை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், ‘கால்க்’ தாளில் ‘டேட்டா சோர்சஸ்’ பலகத்தைத் திறந்து வேண்டியதை இழுத்துப் போடலாம். பழகக் கொஞ்சம் நாளாகும்.

3. இருவழி ஆட்-இன்கள்

எக்செல்லில் திருத்தினால் டேட்டாபேஸிலும் மாறும்படி செய்யும் தனியார் மென்பொருள்கள். பெரும்பாலும் வருஷச் சந்தா. சில நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கவும் தருகிறார்கள்.

4. ஆக்சஸ் போன்ற படிவ மென்பொருள்கள்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் டேட்டாபேஸ் அட்டவணைகளை இணைத்து, அழகாகப் படிவம் செய்து, அதன் வழியாகத் திருத்தலாம். எக்செல்லைவிடக் கட்டுப்பாடு அதிகம். ஆனால், படிவத்தை வடிவமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

5. கூகுள் ஷீட்ஸ்

பல பேர் பல ஊரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வசதி. சின்னதாக ஒரு நிரல் எழுதி டேட்டாபேஸை இணைக்கலாம். ஆனால், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஷீட்டில் மொத்தமே 1 கோடி கட்டங்கள்தான். மதினிக்கு ராத்திரியில் நெட் விட்டு விட்டு வரும் என்பதால் இதை ஓரமாக வைத்தோம்.

மதினி கேட்டது ஒன்று... கிடைத்தது இன்னொன்று!

மதினிக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. “எக்செல்லயே திருத்தினா அங்கேயும் மாறிடும்னா, வெப்சைட்டுப் பக்கமே போக வேண்டாமே!” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் ஆசைதான்.

அந்தத் தம்பி ஒரு நல்ல வேலை செய்தார். நிஜ டேட்டாபேஸைத் தொடாமல், அதற்கு ஒரு நகல் எடுத்து, இருவழி ஆட்-இன் ஒன்றின் இலவசச் சோதனைப் பதிப்பை அதில் இணைத்துக் கொடுத்தார். “அக்கா, வழக்கமா எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செய்யுங்க” என்றார்.

மதினி காராச்சேவு விலையை 240 ரூபாயாக மாற்றினார். கை பழக்கத்தில் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். அதற்குக் கீழே இருந்த அத்தனை பலகாரமும் 240 ரூபாய் ஆனது. சேமிக்கும் பட்டனையும் தட்டிவிட்டார். நகல் டேட்டாபேஸில் விலைப்பட்டியல் முழுக்க மாறிவிட்டது. நிஜமாக இருந்திருந்தால் அடுத்த நொடியே வெப்சைட்டில் அந்த விலைக்கு ஆர்டர் விழ ஆரம்பித்திருக்கும்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தைதான் ஆரம்பித்தார். “பாக்குறதுக்கு ஒரு சாவி, மாத்துறதுக்கு ஒரு சாவின்னு ரெண்டு சாவி வச்சுக்க முடியாதா?”

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விதியை, அத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். பார்ப்பதற்கு எக்செல், பவர் கொரி வழியாக. ‘பார்சல் அனுப்பியாச்சு’, ‘விலை மாற்றம்’ போன்ற திருத்தங்களுக்கு வெப்சைட்டின் அட்மின் பக்கம் மட்டும். அங்கே ஒரு நேரத்தில் ஒரு ஆர்டரைத்தான் திருத்த முடியும் என்பதால், தப்பு நடந்தாலும் ஒன்றோடு போகும். அப்படியே முடிவானது.

இருவழி மென்பொருளே மோசம் என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களின் விலையை அடிக்கடி மாற்றும் கடைகளுக்கு அது தேவைப்படலாம். ஆனால், யார் எதைத் திருத்தலாம் என்ற கட்டுப்பாடும் பேக்கப்பும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இணைத்தபோது வந்த நான்கு தலைவலிகள்

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, இனி பத்து நிமிஷ வேலை என்று நினைத்தோம். இரண்டு நாள் ஆனது.

முதல் தலைவலி, 32 பிட், 64 பிட். மதினியின் விண்டோஸ் 64 பிட். அதனால் டிரைவரையும் 64 பிட்டாக இறக்கினோம். இணையவே இல்லை. பொருத்தமில்லை என்ற எச்சரிக்கைதான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் எக்செல் 32 பிட். டிரைவர் பொருந்த வேண்டியது விண்டோஸுக்கு அல்ல, எக்செல்லுக்கு. ‘ஃபைல்’ பட்டியலில் ‘அக்கவுன்ட்’ பகுதியில் ‘அபவுட் எக்செல்’ என்பதைத் தட்டினால் உங்களுடையது எது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு டிரைவரை இறக்குங்கள்.

இரண்டாவது, தமிழ். மைஎஸ்க்யூஎல்லின் ஓ.டி.பி.சி டிரைவரை நிறுவினால் ‘ஆன்சி’, ‘யூனிகோட்’ என்று இரண்டு பெயர் பட்டியலில் வரும். நாங்கள் முதலில் இருந்ததைத் தட்டினோம். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தன. யூனிகோடைத் தேர்ந்தெடுத்ததும் மீனாட்சியும் முத்துலட்சுமியும் அழகாக வந்து நின்றார்கள். நீங்கள் இன்னும் சி.எஸ்.வி ஃபைல்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை நேராக டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி’ வழியாகத் திறந்து, ‘யு.டி.எஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் உடையாது. அதே இடத்தில் வீட்டு எண், போன் நம்பர் வரிசைகளை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் தேதிக் குழப்பமும் வராது.

மூன்றாவது, சர்வரின் காவல்காரர். பெரும்பாலான வாடகை சர்வர்களில் வெளியிலிருந்து யாரும் டேட்டாபேஸைத் தொட முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். எந்த முகவரியிலிருந்து வரும் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னோம். அன்று வேலை செய்தது. மறுநாள் காலை நின்றுவிட்டது. வீட்டு பிராட்பேண்டில் இணைய முகவரி அடிக்கடி மாறும் என்பதுதான் காரணம். ‘எல்லா முகவரியையும் அனுமதி’ என்று ஒரு குறுக்கு வழி உண்டு. அதற்கு ஒரு சதவீதக் குறி போட்டால் போதும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி அது. மாறாத முகவரியை இன்டர்நெட் நிறுவனத்திடம் தனிக் கட்டணத்தில் வாங்கலாம். அல்லது ‘எஸ்.எஸ்.ஹெச் டனல்’ என்ற பாதுகாப்பான சுரங்கப் பாதை வழியாக இணைக்கலாம். அத்தை வீட்டில் இரண்டாவதைத் தம்பி அமைத்துக் கொடுத்தார்.

நான்காவது தலைவலி, எல்லாம் சரியான பிறகு வந்தது. மதினி வழக்கம்போல ஆர்டருக்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘திரும்பக் கூப்பிடணும்’, ‘காரம் கம்மி’ என்று குறிப்பு எழுதி வைத்தார். ரிஃப்ரெஷ் செய்ததும் புது ஆர்டர்கள் மேலே வந்தன, பழையவை கீழே இறங்கின. குறிப்புகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. ‘காரம் கம்மி’ வேறு யாருக்கோ போனது. கிட்டத்தட்ட அந்தப் பழைய தப்பேதான், வேறு உருவத்தில்! நல்லவேளை, பிரின்ட் எடுக்கும் முன் கவனித்துவிட்டோம். இப்போது குறிப்புகளுக்குத் தனித் தாள். அதில் ஆர்டர் எண்ணும் குறிப்பும் மட்டும் இருக்கும். ‘விலுக்கப்’ சூத்திரம் ஆர்டர் எண்ணைப் பார்த்துச் சரியான வரியில் குறிப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

வாடிக்கையாளர் விவரம் நம் வீட்டுப் பணம் மாதிரி

பெயர், முகவரி, போன் நம்பர் என்று நம்மை நம்பிக் கொடுத்தவை அந்த டேட்டாபேஸில் இருக்கின்றன. 2023-ல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை வாங்கிவைத்திருப்பவர் மீதே சுமத்துகிறது. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. சின்னத் தொழில்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

அதனால், எக்செல்லை இணைக்கும்போது வெப்சைட்டின் முழு அதிகாரம் கொண்ட பாஸ்வேர்டைக் கொடுக்கவே கூடாது. பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனர் ஒன்றை டேட்டாபேஸில் உருவாக்கச் சொல்லுங்கள். அவருக்கும் எல்லா அட்டவணையும் தெரிய வேண்டியதில்லை. பார்சல் அனுப்பத் தேவையான பெயர், முகவரி, போன், பொருள், அளவு போன்றவை மட்டும் தெரியும்படி ஒரு ‘வியூ’ அமைத்தால் போதும்.

பழைய முறை இணைப்புகளில் ‘சேவ் பாஸ்வேர்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் பாஸ்வேர்ட் எந்தப் பூட்டும் இல்லாமல் அந்த எக்செல் ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால், சாவியையும் சேர்த்து அனுப்பியதாக அர்த்தம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

* எனக்குப் பார்த்தால் போதுமா, திருத்தவும் வேண்டுமா? திருத்த வேண்டுமென்றால் யார் யார், எந்தெந்த வரிசையை?

* என் டேட்டாபேஸ் எது, என் எக்செல் எந்த ஆண்டுப் பதிப்பு, 32 பிட்டா, 64 பிட்டா? இதை எழுதிவைத்துக்கொண்டுதான் விற்பவரிடம் பேச வேண்டும்.

* தமிழ் எழுத்து சரியாக வருகிறதா? விற்பவர் காட்டும் மாதிரியில் இல்லை. உங்கள் டேட்டாவின் நகலில் சோதித்துப் பாருங்கள்.

* டேட்டா போய்வரும் பாதை மறைகுறியாக்கம் செய்யப்பட்டதா? பாஸ்வேர்ட் எங்கே சேமிக்கப்படுகிறது?

* சந்தா முடிந்தால் என்ன ஆகும்? நான் ஏற்கெனவே எடுத்துவைத்த எக்செல் தாள்கள் திறக்குமா?

* செய்துகொடுத்த ஆள் நாளைக்கு வேலை மாறிப் போனால், இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? செட்டிங் விவரமெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டீர்களா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிடும். கூப்பிட்டால் போன் எடுக்கும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். தினமும் ஐந்தாறு ஆர்டர்தான் வருகிறது என்றால், இந்த இணைப்பே உங்களுக்குத் தேவையில்லை. சி.எஸ்.வியைச் சரியான முறையில் திறந்து பயன்படுத்தினாலே போதும். ஆர்டர் பெருகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அத்தையின் நோட்டு

போன மாதம் மறுபடியும் சாத்தூர் போயிருந்தேன். ராத்திரி 10 மணி. மதினி எக்செல்லைத் திறந்தார், ரிஃப்ரெஷ் ஆனது, ஆர்டர்கள் வந்து நின்றன. வீட்டு எண் வீட்டு எண்ணாகவே இருந்தது. பிரின்ட் கொடுக்கப் போனவரைப் பார்த்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“எண்ணிக்கை பாத்தியாடி?”

மதினி வெப்சைட்டைத் திறந்து அன்றைய மொத்த ஆர்டரைப் பார்த்தார். 46. எக்செல்லிலும் 46 வரி. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் நீள நோட்டில் தேதி போட்டு 46 என்று எழுதினார். காலையில் பார்சல் கட்டியதும் அதையும் எண்ணிப் பக்கத்தில் எழுதுவாராம். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் கூரியர் வண்டியில் ஏறும்.

“முறுக்கு சுடும்போது தட்டை எண்ணிப் பழகினவ நான். உள்ள போனது எத்தனை, வெளிய வந்தது எத்தனைன்னு பாத்துட்டா திருட்டும் தெரியும், தப்பும் தெரியும்” என்றார்.

இங்கிலாந்தில் ஃபைலை ஏற்றியவர்களும் உள்ளே போனது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று தினமும் ஒப்பிட்டிருந்தால், அந்த 15,841 பேர் அன்றே தெரிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி பிரின்ட் எடுத்த சீட்டுகளைப் புரட்டினேன். நடுவில் ஒரு மதுரை முகவரி. ஆர்டர் கொடுத்த மகள் பெங்களூரில் இருக்கிறார். கம்பு முறுக்கு, அரைக் கிலோ. குறிப்பில், ‘இனிப்பு கூடாது’ என்று இருந்தது.

அந்த பார்சலை மட்டும் எப்போதும் அத்தையே கட்டுவாராம்.